ஷிப்ட் முடிந்ததும் செல்போனில் துணை தேடல்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் இளைஞர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள்? ஏமாறாமல் இருப்பது எப்படி?

இரவு 11 மணியை நெருங்குகிறது. செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக சுங்குவார்சத்திரத்தைக் கடக்கின்றன. உள்ளே பாதிப்பேர் தூக்கத்தில் இருக்கிறார்கள். மீதிப்பேர் முகத்தில் செல்போன் வெளிச்சம். பல ஆலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. எட்டு மணி நேரம் கழித்து அப்போதுதான் போனைக் கையில் எடுக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் யாரோ அனுப்பிய 'ஹாய்', மேட்ரிமோனியில் அம்மா பார்த்து அனுப்பிய வரன், டேட்டிங் ஆப்பில் புதிதாக வந்த 'மேட்ச்' எல்லாம் அந்த ஒரே போனில் காத்திருக்கின்றன.

துணை தேட இத்தனை வழிகள் இதற்கு முந்தைய தலைமுறைக்கு இருந்ததில்லை. ஆனால் பிடித்தவரோடு பழகிப் பார்க்க இந்தப் பகுதியில் நேரமும் குறைவு, இடமும் குறைவு. சிக்கல் ஆரம்பிப்பது இந்த இடைவெளியில்தான். ஆப் எப்படி வேலை செய்கிறது, நாம் எதைப் பார்த்து ஆளைத் தேர்வு செய்கிறோம், சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்தப் பகுதியில் அப்படி என்ன விசேஷம்?

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. அடுத்து சாம்சங், ஒரகடத்தில் ரெனோ – நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று வரிசை நீண்டது. சுங்குவார்சத்திரம் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் இன்று ஐபோன் தயாராகிறது.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தென் மாவட்டங்கள் என எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் வருகிறார்கள். பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த கையோடு, முதல் முறையாக வீட்டை விட்டு வெளியே தங்குபவர்கள் பலர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2024 ஜூலையில் ஃபாக்ஸ்கான் ஆலையில் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வு செய்தபோது அங்கே 41,281 பேர் வேலை செய்தார்கள். அதில் 33,360 பேர் பெண்கள். அவர்களில் திருமணமானவர்கள் 2,750 பேர், அதாவது சுமார் 8 சதவீதம் மட்டுமே. மற்றபடி சொன்னால், ஒரே ஆலையில் 30,000க்கும் மேற்பட்ட திருமணமாகாத பெண்கள்.

இவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் குடியிருப்பு கட்டப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார்.

சொந்தச் சம்பளம், சொந்த போன், பக்கத்தில் உறவினர் யாரும் இல்லை, ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நான்கும் ஒன்றாகச் சேரும் வயதில்தான் ஆன்லைன் தேடலும் தொடங்குகிறது.

முன்பெல்லாம் துணையை யார் தேர்வு செய்தார்கள்?

பெரும்பாலும் வீடுதான். தேடும் வட்டமும் சின்னது. அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்து உறவுக்குள்ளேயே முடிப்பது இன்றும் தமிழ்நாட்டில் சாதாரணம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டிலேயே உறவுக்குள் திருமணம் அதிகமாக நடப்பது இங்குதான்: 28 சதவீதம்.

உறவில் அமையாவிட்டால் தரகர். அதற்கு அடுத்து ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகள் தேவை' விளம்பரம். 1990களின் கடைசியில் இது இணையத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருந்த சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காகத் தொடங்கிய தளம் வளர்ந்து பாரத் மேட்ரிமோனி ஆனது. தன் மனைவியை அவர் கண்டதும் அதே தளத்தில்தான்.

ஆனால் மேட்ரிமோனி வந்தபோதும் தேடும் வழிதான் மாறியது. சாதி, உட்பிரிவு, ராசி, நட்சத்திரம், சம்பளம் என்று தரகர் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் இருந்த கட்டங்கள் அப்படியே திரைக்கு மாறின.

மேட்ரிமோனிக்கும் டேட்டிங் ஆப்புக்கும் என்ன வித்தியாசம்?

முதல் வித்தியாசம், கணக்கைத் தொடங்குவது யார் என்பதில் இருக்கிறது. மேட்ரிமோனி தளத்தில் நுழைந்ததுமே 'இந்த ப்ரொஃபைல் யாருக்காக? எனக்கு, மகனுக்கு, மகளுக்கு, சகோதரிக்கு' என்று கேட்கும். டேட்டிங் ஆப்பில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே நீங்கள்தான் தேடுகிறீர்கள்.

இரண்டாவது, நோக்கம். 2016 ஜூனில் மத்திய அரசு மேட்ரிமோனி தளங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தத் தளங்கள் திருமணத்துக்காக மட்டுமே, டேட்டிங்குக்கு அல்ல என்று தெளிவாக அறிவிக்க வேண்டும், பதிவு செய்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. டேட்டிங் ஆப்பில் ஒருவர் கல்யாணத்துக்காக வந்திருக்கலாம், பேச்சுத்துணைக்காக வந்திருக்கலாம், வேறு எதற்காகவும் வந்திருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

டிண்டர், பம்பிள் போன்ற வெளிநாட்டு ஆப்கள் ஒரு பக்கம். 'ஐல்' என்ற இந்திய நிறுவனம் தமிழர்களுக்கென்றே 'அன்பே' என்ற ஆப்பைக் கொண்டுவந்தது. மலையாளிகளுக்கு அதே நிறுவனத்தின் 'அரிகே'.

இவற்றில் கணக்கே இல்லாதவர்களும் ஆன்லைனில் துணை தேடுகிறார்கள். ரீல்ஸுக்குக் கீழே போடும் கமெண்ட், ஃபேஸ்புக் நட்பு அழைப்பு, லைன் ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப், ஆன்லைன் கேமில் பேசிக்கொள்வது எல்லாம் இதில் சேரும். அங்கே சரிபார்ப்பு என்ற பேச்சே கிடையாது.

ஆப் எப்படி எனக்கு ஆள் காட்டுகிறது?

நீங்கள் சொன்ன வயது, தூரம், மொழி ஆகியவற்றை வைத்து முதலில் வடிகட்டும். பிறகு யாருடைய படத்தில் அதிக நேரம் நின்றீர்கள், யாரை வேண்டும் என்றீர்கள், யாரை ஒதுக்கினீர்கள் என்று கவனித்து, அதே போன்ற ஆட்களை முன்னால் கொண்டுவரும்.

அப்படியென்றால் ஆப்புக்கு நம் மனது தெரியுமா? ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. உளவியலாளர்கள் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் 2017ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சந்திப்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பிறகு அவர்களை நேரில் சில நிமிடங்கள் சந்திக்க வைத்தார்கள். பொதுவாக யாரைப் பலருக்கும் பிடிக்கும் என்பதைக் கம்ப்யூட்டரால் ஓரளவு சொல்ல முடிந்தது. இன்னாருக்கு இன்னாரைப் பிடிக்கும் என்பதை மட்டும் சொல்லவே முடியவில்லை.

எனவே '90 சதவீதப் பொருத்தம்' என்று ஒரு திரை சொன்னால், கொடுத்த விவரங்கள் ஒத்துப்போகின்றன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒத்துப்போவாரா என்பது வேறு.

அதற்காக ஆன்லைனில் பார்ப்பதே தப்பு என்றும் அர்த்தமில்லை. அமெரிக்காவில் 2017ல் ஜோடி சேர்ந்தவர்களில் 39 சதவீதம் பேர் முதலில் சந்தித்தது ஆன்லைனில்தான் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டு குழு கண்டறிந்தது. அறிமுகத்தை ஆப் செய்து வைக்கலாம். மற்றதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் உண்மையில் எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறோம்?

கேட்டால் 'நல்ல குணம் இருந்தா போதும்' என்போம். கணக்கெடுத்தால் வேறு தெரிகிறது.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கொல்கத்தாவில் பேப்பரில் வரன் விளம்பரம் கொடுத்த குடும்பங்களை ஆராய்ந்து 2013ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாதி மாறாமல் இருப்பதற்காக, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படிப்பில் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று கணக்கிட்டார்கள். முதுகலைப் பட்டதாரிக்கும் படிக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள்!

நாடு முழுவதும் 2011–12ல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்விலும் சாதி மாறிய திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான்.

அசெம்ப்ளி லைனில் யாரும் சாதி பார்த்து நிறுத்துவதில்லை. பக்கத்து ஸ்டேஷனில் நிற்பவரோடு டீ குடிக்கிறோம், டிபன் பகிர்கிறோம். பேச்சு கல்யாணத்தை நெருங்கும்போதுதான் 'நம்ம ஆளுங்களா?' என்ற கேள்வி ஊரிலிருந்து வருகிறது. டேட்டிங் ஆப்பில் அந்தக் கட்டம் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் இருக்கிறது. காதல் வளர்ந்த பிறகு அது தெரியவரும்போதுதான் பலர் தவித்துப்போகிறார்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கேள்வியும் உண்டு: 'பையன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?' ஒரே கம்பெனி, ஒரே சீருடை, ஒரே லைன். ஆனால் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, ஒருவர் டிரெய்னி, ஒருவர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். சம்பளமும் வேறு, எத்தனை நாளைக்கு வேலை என்பதும் வேறு. ப்ரொஃபைலில் மூவரும் கம்பெனி பெயரைத்தான் போடுவார்கள்.

கம்பெனி பெயரே நிரந்தரம் இல்லை என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஒரு காலத்தில் 'நோக்கியாவில் வேலை' என்றால் வரனுக்குத் தனி மதிப்பு. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேடிப் போனார்கள்.

பழகிப் பார்க்க ஏன் முடிவதில்லை?

முதல் காரணம் ஷிப்ட். ஒருவருக்கு முதல் ஷிப்ட், இன்னொருவருக்கு நைட் என்றால் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூக்கத்தில் இருப்பார். வார விடுமுறையும் ஒத்துவராது. ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு.

இரண்டாவது இடம். விடுதிகளில் உள்ளே வர நேரம் குறித்திருக்கிறார்கள். ஓர் அறையில் பல பேர். தனியாகப் போன் பேச மாடிப்படிதான். பாதுகாப்புக்காக வைத்த கேட் என்று நிர்வாகம் சொல்கிறது. வீட்டாருக்கும் அது நிம்மதி. ஆனால் 22 வயதுப் பெண் ஒருவரை வெளிச்சமான இடத்தில், பகலில், நாலு பேர் முன்னால் சந்தித்துப் பேச வழி குறையும்போது, பேச்சு முழுக்க இரவு நேர சாட்டுக்குள் போய்விடுகிறது.

சாட்டில் ஒருவரைப் பற்றி என்ன தெரியும்? அவர் என்ன சொல்ல நினைக்கிறாரோ அது மட்டும் தெரியும். பஸ் தாமதமானால் எப்படிக் கோபப்படுகிறார், ஹோட்டலில் சப்ளையரிடம் எப்படிப் பேசுகிறார், நண்பர்கள் முன்னால் உங்களை எப்படி நடத்துகிறார், சம்பளம் வந்த நாளில் என்ன செய்கிறார் என்பது சாட்டில் வராது. ஒரு வருடம் சாட் செய்திருந்தாலும், நான்கு முறை நேரில் பார்த்தவர் அளவுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம்.

வீட்டில் பார்க்கும் வரனுக்கும் இதே கதைதான். பெண் பார்க்கும் சடங்கில் பத்து நிமிடம் பேசிவிட்டு முடிவு செய்வதில் தெரிவது இன்னும் குறைவு. அந்த முறையில் விசாரிக்கும் வேலையைச் சித்தப்பாவும் மாமாவும் செய்தார்கள். ஆன்லைனில் தேடும்போது அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

கல்யாணம் ஆனால் வேலை போய்விடுமா?

துணையைத் தேர்வு செய்வதில் இந்தக் கேள்வி பெண்களுக்கு முக்கியம். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்ப்ளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம் போன்றவை காரணமாகச் சொல்லப்பட்டன.

நிறுவனம் இதை மறுத்தது. திருமணம், பாலினம், மதம் எதை வைத்தும் பாகுபாடு காட்டுவதில்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பரில், வேலை விளம்பரங்களில் திருமண நிலையைக் குறிப்பிட வேண்டாம் என்று ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்கு நிறுவனம் சொன்னதாக ராய்ட்டர்ஸ் மீண்டும் செய்தி வெளியிட்டது.

எனவே துணையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது: 'கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போறதுல உங்களுக்கும் உங்க வீட்டுக்கும் என்ன நிலைப்பாடு? எங்க குடியிருப்போம்? ஷிப்ட் வேலைக்கு ஒத்துப்பீங்களா?' இதற்கு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள்?

* பணம் பறிப்பு: சில வாரம் அன்பாகப் பேசுவார். பிறகு விபத்து, அம்மாவுக்கு ஆபரேஷன், கம்பெனியில் சம்பளம் வரவில்லை என்று பணம் கேட்பார்.
* பார்சல் மோசடி: வெளிநாட்டு மாப்பிள்ளை தங்கமும் பரிசும் அனுப்பியதாகச் சொல்வார். 'கஸ்டம்ஸ் அதிகாரி' போன் செய்து வரி கட்டச் சொல்வார். இருவரும் ஒரே கும்பல்.
* முதலீட்டு மோசடி: கல்யாணச் செலவுக்குச் சேர்ப்போம் என்று கிரிப்டோ அல்லது டிரேடிங் ஆப்பில் பணம் போட வைப்பார். முதலில் சிறிய லாபம் கையில் வரும். பெரிய தொகை போட்டதும் ஆப்பே திறக்காது.
* வீடியோ மிரட்டல்: வீடியோ காலை அல்லது அந்தரங்கப் படத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுவார். ஆண்களும் இதில் நிறைய சிக்குகிறார்கள்.
* மறைத்த திருமணம்: ஊரில் மனைவி, குழந்தை இருக்க, இங்கே 'சிங்கிள்' என்று போட்டிருப்பார்.

பொள்ளாச்சியை மறந்திருக்க மாட்டீர்கள். நட்பாகப் பழகி, தனி இடத்துக்கு வரவழைத்து, வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய அந்த வழக்கு 2019ல் வெளியே வந்தது. ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்ததால்தான் மற்றவர்களுக்கு நடந்ததும் தெரிந்தது. 2025 மே 13ஆம் தேதி, குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம்.

சரி, ஆளை எப்படிச் சரிபார்ப்பது?

1. வீடியோ காலில் பாருங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு முறை. எப்போதும் கேமரா கெட்டுப்போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

2. படத்தைத் தேடுங்கள். ப்ரொஃபைல் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வேறு யாருடைய படமோ என்று பல நேரம் தெரிந்துவிடும்.

3. வேலையை விசாரியுங்கள். எந்த பிளான்ட், எந்த லைன், எந்த ரூட் பஸ் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். அங்கே வேலை செய்பவருக்கு யோசிக்காமல் வரும். பேச்சு கல்யாணம் வரை போனால் ஊதியச் சீட்டைப் பரஸ்பரம் காட்டிக்கொள்வதில் தப்பில்லை. அதில் கம்பெனி பெயர் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பகலில், பொது இடத்தில் சந்தியுங்கள். வல்லக்கோட்டை முருகன் கோயில், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஆட்கள் நிறைந்த ஹோட்டல் என்று இங்கேயே இடம் இருக்கிறது. முதல் சில சந்திப்புகளில் அவர் வண்டியில் ஏற வேண்டாம். ரூம்மேட் ஒருவருக்காவது யாரை, எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

5. அவருடைய ஆட்களைப் பாருங்கள். ஒரு நண்பர், ஒரு உறவினர். ஆறு மாதம் பழகியும் தன்னைச் சேர்ந்த ஒருவரையும் அறிமுகப்படுத்தாதவர் எதையோ மறைக்கிறார்.

6. பணம் தராதீர்கள், கேட்காதீர்கள். ஏடிஎம் கார்டு, ஓடிபி, சிம் கார்டு, உங்கள் பெயரில் தவணை ஃபோன் எதுவும் வேண்டாம்.

7. அந்தரங்கப் படம் அனுப்பாதீர்கள். 'என்மேல நம்பிக்கை இல்லையா?' என்று கேட்பவரிடம், 'நம்பிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை' என்று சொல்லிவிடுங்கள்.

8. 'வேண்டாம்' என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சின்ன விஷயத்துக்குத்தான். 'இன்னிக்கு வர முடியாது' என்றதும் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதிலிருந்து நிறைய தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்திருந்தால் துணையைத் தேர்வு செய்யும் உரிமை அவர்களுடையது. 2018 மார்ச் 27ஆம் தேதி சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது: வயது வந்த இருவர் மணம் செய்ய வீட்டார், ஊர், சமூகம் யாருடைய சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. மிரட்டலுக்கு உள்ளாகும் ஜோடிகளுக்காக மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் அமைக்கவும் உத்தரவிட்டது.

18 வயது ஆகாதவரோடு உறவு என்றால் அவர் சம்மதித்திருந்தாலும் போக்சோ சட்டம் பாயும்.

சாதி மாறிய திருமணம்: இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைத் திருமணம் செல்லும். அண்ணா ஆட்சியில் 1967ல் நிறைவேறிய சட்டத் திருத்தம் இது. புரோகிதர் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். ஊர் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எந்த முறையில் திருமணம் நடந்தாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

மதம் மாறாமல் மதம் கடந்த திருமணம்: 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இதில் வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவர் அதற்கு முந்தைய 30 நாட்கள் வசித்திருந்தால் போதும், சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு, நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போகும். அதாவது வீட்டுக்குச் செய்தி தெரிய வாய்ப்பு உண்டு. 30 நாட்கள் ஆட்சேபணைக்கான காலம். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது சட்டப்படியான ஆட்சேபணை ஆகாது. வயது, ஏற்கெனவே வாழ்க்கைத்துணை இருப்பது போன்ற காரணங்கள்தான் செல்லும்.

பொய் வாக்குறுதி: திருமணம் செய்யும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணோடு உறவு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 69ஆம் பிரிவின் கீழ் குற்றம். 10 ஆண்டு வரை சிறை. வேலை அல்லது பதவி உயர்வு தருவதாகப் பொய் சொல்வதும், அடையாளத்தை மறைத்து மணப்பதும் இதில் அடங்கும். 'பர்மனென்ட் பண்ணித் தரேன்' என்று சொல்லும் மேலாளரும் இதில் வருவார். 2024 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் இருந்தும் உயிர் போகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் நெல்லையில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்டார். ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வீட்டில் மிரட்டல் இருந்தால் 'பேசிச் சரிபண்ணலாம்' என்று தனியாக ஊருக்குப் போக வேண்டாம். முதலில் காவல்துறையிடம் எழுத்துப்பூர்வமாகப் பாதுகாப்பு கேளுங்கள்.

மிரட்டல் வந்தால் யாரை அழைப்பது?

* ஆன்லைன் மோசடி, பண இழப்பு, படத்தை வைத்து மிரட்டல்: 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.
* பெண்கள் உதவி எண்: 181
* உடனடி ஆபத்து: 112 அல்லது 100
* 18 வயதுக்கு உட்பட்டவர்கள்: 1098
* வேலை இடத்தில் தொல்லை: கம்பெனியின் உள் புகார் குழு. ஒப்பந்தத் தொழிலாளிகளும் டிரெய்னிகளும்கூட அங்கே புகார் தரலாம்.

சாட், எண், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். மிரட்டுபவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்.

கடைசியாக ஒன்று

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மகளிடம் 'போன்ல யார்கிட்ட பேசுற?' என்று அதட்டினால் அவள் பேச்சை நிறுத்தப் போவதில்லை, உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவாள். மிரட்டுகிற ஆளுக்கு இருக்கும் ஒரே பலம் 'வீட்ல சொல்லிடுவேன்' என்ற வார்த்தை. வீட்டில் ஏற்கெனவே தெரிந்திருந்தால் அந்த வார்த்தைக்கு வேலையே இல்லை.

தேடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் எளிமையானதுதான். ஆளைக் காட்டுவது தரகரோ ஆப்போ யாராகவும் இருக்கட்டும். வார விடுமுறையில் பகல் வெளிச்சத்தில் நான்கு முறையாவது உட்கார்ந்து பேசாமல் 'சரி' சொல்லாதீர்கள். உண்மையாக வருபவர் உங்கள் ஷிப்ட் மாறும் வரை காத்திருப்பார்.